இடிக்கப்பட்ட கல்லூரிக் கட்டடத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி? பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் படித்த, வேலை பார்த்த தமிழர்கள் விழா மலருக்கோ, ஆய்வேட்டுக்கோ, முன்னாள் மாணவர் சந்திப்புக்கோ இன்று இல்லாத ஒரு கட்டடத்தைப் பற்றி எழுத உட்காரும்போது வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணங்கள் சென்ட்ரல் காலேஜையும், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தையும் சுற்றியே வந்தாலும், வழிமுறை எந்த வளாகத்துக்கும் பொருந்தும்.

எங்க டிபார்ட்மென்ட் இருந்த பழைய பிளாக்கை இடிச்சிட்டாங்க. வரலாறு எழுதணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பலரும் முதலில் பழைய புகைப்படத்தைத் தேடிக் கிளம்புகிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: கட்டடம் நின்ற இடம், அதற்கு இருந்த எல்லாப் பெயர்களும், கட்டுவதற்குப் பணம் கொடுத்தது யார் என்பது. மூன்றாவதுக்கு உடனே விடை தெரியாது. ஆனால் தேடல் முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்கப் போகிறது.

காரணம் எளிது. அரசுக் கோப்பில் கட்டடத்துக்குப் பெயர் கிடையாது. அது ஒரு ‘பணி’. நீங்கள் பிசிக்ஸ் பிளாக் என்று தேடுவது அங்கே ‘கூடுதல் ஆய்வுக்கூடம் கட்டும் பணி’ என்ற தலைப்பில், ஒரு எஸ்டிமேட் தொகையோடு கிடக்கும். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்த அலுவலகத்தில்தான் கோப்பு பிறந்திருக்கும். பெயரை வைத்துத் தேடுபவர் ஒரு மாதம் அலைவார். பணத்தை வைத்துத் தேடுபவர் சீக்கிரம் வீடு திரும்புவார்.

ஒரே கட்டடத்துக்கு நாலு பேர் சொல்றாங்க. எது சரி?

நாலும் சரியாக இருக்கலாம். ‘நியூ பிளாக்’ என்று கட்டப்பட்டது, அடுத்த பிளாக் வந்ததும் ‘ஓல்டு பிளாக்’ ஆகியிருக்கும். நடுவில் ஒரு துறையின் பெயரிலும், கடைசி ஆண்டுகளில் ‘எக்ஸாம் செக்‌ஷன்’ என்றும் அழைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்தப் பெயர் எந்த ஆண்டு ஆவணத்தில் முதலில் வருகிறது, எதில் கடைசியாக வருகிறது என்று குறியுங்கள். கீழே இதைப் பெயர்ச் சங்கிலி என்று சொல்கிறோம்.

எதிர்ச் சிக்கலும் உண்டு. ஒரே பெயர் இரண்டு கட்டடங்களுக்கு மாறிப் போயிருக்கும். துறை இடம் மாறும்போது பெயர்ப் பலகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் பெயரோடு இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: ‘மெயின் கேட்டிலிருந்து உள்ளே போனால் இடது பக்கம் இரண்டாவது’ என்ற அளவிலாவது.

சென்ட்ரல் காலேஜ் பழைய காகிதமெல்லாம் ஞானபாரதியில இருக்கும்ல?

ஒரு பகுதிதான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 1858-இல் பெங்களூர் ஹைஸ்கூலாகத் தொடங்கி 1875-இல் சென்ட்ரல் காலேஜ் என்று பெயர் மாறிய கல்லூரி அது. 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் வரும்வரை மெட்ராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1916 முதல் 1964 வரை மைசூர்ப் பல்கலைக்கழகம். 1964-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் உருவானது. 1973-இல் அது ஞானபாரதிக்கு நகர்ந்தது. 2017-இல் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்தபோது சென்ட்ரல் காலேஜ் வளாகம் பெங்களூர் சென்ட்ரல் பல்கலைக்கழகத்தின் (பிறகு பெங்களூர் நகரப் பல்கலைக்கழகம்) கைக்குப் போனது.

ஆக, 1890-களின் கட்டடத்துக்கு மெட்ராஸ் பல்கலைக்கழகக் காலண்டர்கள், 1930-களின் கட்டடத்துக்கு மைசூர், 1968-க்கு ஞானபாரதி, இடிப்புக்கு இன்றைய உரிமையாளர். காலண்டர் என்பது இங்கே சுவரில் மாட்டுவது இல்லை. கல்லூரிகள், ஆசிரியர்கள், தேர்ச்சி பெற்றவர்கள் என எல்லாம் அடங்கிய தடித்த ஆண்டுப் புத்தகம். சென்ட்ரல் காலேஜில் படித்த ராஜாஜியின் காலம் இந்த மெட்ராஸ் காலண்டர்களின் காலம்தான். சென்னைக்குப் போகும் வேலை இருந்தால் கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவிலும் சில ஆண்டுகளின் பிரதிகள் உண்டு.

கே.ஆர். சர்க்கிளில் உள்ள யு.வி.சி.இ. பொறியியல் கல்லூரியின் கதையும் இப்படித்தான். 1917-இல் விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியில் தொடங்கியது. மைசூர், பெங்களூர் என இரண்டு பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டு இப்போது தனிப் பல்கலைக்கழகம்.

கன்டோன்மென்ட் பக்கம் இருந்த கல்லூரின்னா?

அது வேறு ஆட்சி. 1881 முதல் 1947 வரை, சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று அழைக்கப்பட்ட கன்டோன்மென்ட், மைசூரில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடென்டின் கையில் இருந்தது. மைசூர் அரசின் பி.டபிள்யூ.டி. (பொதுப்பணித் துறை) அறிக்கையில் அந்தப் பகுதிக் கட்டடத்தைத் தேடிப் பயனில்லை. மைசூர் ரெசிடென்சி கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ‘அபிலேக் படல்’ என்ற அதன் இணையதளத்தில் தலைப்புகளைத் தேடலாம். மிஷன் கல்லூரி என்றால் அந்தச் சபையின் ஆண்டறிக்கைகளையும் பாருங்கள். கட்டட நிதிக்கு நன்கொடை திரட்டியவர்கள் செலவை விலாவாரியாக எழுதியிருப்பார்கள்.

ஆவணக் காப்பகத்துக்குப் போனா என்ன கேட்கணும்?

கர்நாடக அரசு ஆவணக் காப்பகம் விகாஸ சௌதாவில் இருக்கிறது. அடையாள அட்டையும், கல்லூரியிலிருந்தோ வழிகாட்டியிடமிருந்தோ ஒரு கடிதமும் கையில் இருக்கட்டும். ‘இந்தக் கட்டடத்தின் வரலாறு வேண்டும்’ என்று கேட்டால் ஊழியர் உதட்டைப் பிதுக்குவார். கல்வித் துறையின் கோப்பு அட்டவணை, பொதுப்பணித் துறையின் கோப்பு அட்டவணை இரண்டையும் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். அவற்றில் எஸ்டிமேட் ஒப்புதல், கூடுதல் நிதி, பணி நிறைவு ஆகிய மூன்றையும் தேடுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஊர்ப் பெயர். மாநிலம் 1973 நவம்பர் வரை மைசூர். நகரம் 2014 நவம்பர் வரை ஆங்கிலத்தில் பேங்களூர். இன்றைய பெயரைத் தட்டச்சு செய்தால் பழைய தலைப்புகள் வராது. இரண்டு, ஆண்டு. 20-ஆம் நூற்றாண்டு மைசூர் அரசின் நிர்வாக அறிக்கைகளில் ஆண்டு என்பது ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவது. 1926-27 என்று இருந்தால் அது ஏப்ரல்-மார்ச் கணக்கு என்று எண்ணி மாதத்தை யூகித்துவிடாதீர்கள்.

அதே பயணத்தில் நிருபதுங்கா சாலையில் உள்ள மிதிக் சொசைட்டி நூலகத்தையும், கப்பன் பூங்காவில் உள்ள மாநில மத்திய நூலகத்தையும் பார்த்துவிடலாம். மூன்றும் கிட்டக்கிட்டத்தான்.

எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். 1950-களுக்கு முந்தைய பொறியியல் கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதற்குப் பிந்தைய சிண்டிகேட் (பல்கலைக்கழக நிர்வாகக் குழு) தீர்மானங்கள், ஏல அறிவிப்புகளுக்குக் கன்னடம் தேவைப்படும். கன்னட எண்களை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள்; ஒரு மாலைப் பொழுது போதும். ஆண்டையும் தொகையையும் நீங்களே அடையாளம் கண்டுவிட்டால், படித்துச் சொல்ல ஆள் தேடும் பக்கங்கள் பாதியாகக் குறையும்.

ஆர்.டி.ஐ. போட்டேன். ‘தகவல் இல்லை’ன்னு ஒரு வரியில பதில் வந்துடுச்சு. விட்டுடலாமா?

வேண்டாம். ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவில், கேட்ட விதத்தில் சிக்கல் இருந்திருக்கலாம். வரலாறு, காரணம், விளக்கம் என்று கேட்டால் தர வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. இருக்கிற ஆவணத்தின் நகலைத்தான் கேட்க முடியும். எனவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: கட்டடம் உபயோகத்துக்குத் தகுதியற்றது என்று சான்றளித்த அறிக்கை, இடிப்புக்கு ஒப்புதல் தந்த சிண்டிகேட் தீர்மானம், இடிபாட்டுப் பொருள்களின் ஏல மதிப்பீடு, வேலை ஒப்பந்தம், சொத்துப் பதிவேட்டில் அந்தக் கட்டடத்தின் பக்கம். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், சாதாரணமாக 150 சொற்களுக்குள் என்று விதி இருக்கிறது. அதனால் கட்டிய கதைக்கு ஒரு மனு, இடித்த கதைக்கு ஒரு மனு எனப் பிரித்துப் போடுங்கள். கட்டணம் மனுவுக்கு 10 ரூபாய்.

பதிலுக்கு 30 நாள். பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பது சட்டம் சொல்லும் விலக்குகளில் ஒன்று இல்லை. டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில், கோப்பைத் தேட உண்மையான முயற்சி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் விசாரணையும் நடத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். கோப்பை அழித்துவிட்டோம் என்று சொன்னால், அழித்த கோப்புகளின் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். முறைப்படி அழித்திருந்தால் அதில் கோப்பு எண்ணாவது மிஞ்சியிருக்கும்.

தனியார் கல்லூரி என்றால் நேரடியாக ஆர்.டி.ஐ. செல்லுபடியாகாமல் போகலாம். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தந்த மாநகராட்சியிடமும், இணைப்பு தந்த பல்கலைக்கழகத்திடமும் கேட்கலாம். அவை பொது அமைப்புகள்.

எந்தக் காகிதத்தை அதிகம் நம்பலாம்? மலரில் ஒரு வருஷம், ரிப்போர்ட்டில் ஒரு வருஷம் இருக்கு.

மெஷர்மென்ட் புத்தகம் கிடைத்தால் அதற்குத்தான் முதல் இடம். வேலைத்தளத்தில் அளந்து, அளந்த தேதியோடு பொறியாளர் கையெழுத்திட்ட பதிவு அது. அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகும். அடித்தள அகழ்வு எத்தனை கன அடி, சைஸ் கல் கட்டுமானம் எத்தனை என்று வரி வரியாக இருக்கும். அடுத்து பணி நிறைவு அறிக்கை. அதற்கும் அடுத்து ஆண்டறிக்கை, பிறகு அன்றைய நாளிதழ். விழா மலர் கடைசி. பொன் விழா மலரில் ஒருவர் நினைவிலிருந்து எழுதிய ஆண்டை, வைர விழா மலர் அப்படியே எடுத்துப் போடும். இரண்டு மலரில் இருப்பதால் அது இரண்டு சான்று ஆகிவிடாது.

பல சமயம் முரண்பாடே இருக்காது. அடிக்கல் நாட்டியது, வகுப்புத் தொடங்கியது, அமைச்சர் வந்து திறந்து வைத்தது என மூன்றும் வேறு வேறு தேதிகள். எந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று பிரித்து எழுதினால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் ஒரு பழைய போட்டோ சுத்துது. அது நம்ம கட்டடம்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முகப்பைப் பார்க்காதீர்கள். அன்றைய அரசுக் கட்டடங்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்கும். ஓரங்களைப் பாருங்கள்: பின்னால் தெரியும் கோபுரம், தரையின் சரிவு, படிக்கட்டின் எண்ணிக்கை, சன்னல்களின் வரிசை. படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பலகை எழுத்தை வைத்துச் சரிபாருங்கள். எழுத்து இல்லாவிட்டால் சட்டைப் பையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை பெரும்பாலும் இடது மார்பில்தான் இருக்கும்.

காலத்துக்கும் தடயங்கள் உண்டு. தெருவில் மின்விளக்குக் கம்பம் இருந்தால் 1905-க்குப் பிறகு. பெங்களூருக்குத் தெருவிளக்கு மின்சாரம் வந்தது அந்த ஆண்டில்தான். வண்டியின் எண் எம்.ஒய். என்று தொடங்கினால் மைசூர் மாநிலக் காலத்தில் பதிவானது. கே.ஏ. என்றால் 1989-க்குப் பிறகு. பழைய எண்ணோடு வண்டிகள் பல ஆண்டு ஓடும் என்பதால் இவை ‘இதற்கு முன் இல்லை’ என்பதை மட்டுமே சொல்லும். பலகையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் என்று இருந்தால் பெயர்ச் சங்கிலியோடு ஒட்டிப் பாருங்கள்.

ஒரு போட்டோ கூட இல்லை. மேலேர்ந்து எடுத்த படம் ஏதாவது கிடைக்குமா?

கடந்த இருபது ஆண்டுக்குள் இடிந்தது என்றால் கூகுள் எர்த் புரோவைக் கணினியில் நிறுவி, மேலே உள்ள கடிகாரக் குறியை அழுத்திப் பின்னோக்கி நகருங்கள். கட்டடம் கடைசியாகத் தெரியும் படத்தின் தேதி, முதன்முதலாகக் காணாமல்போன படத்தின் தேதி இரண்டையும் குறித்தால் இடிப்பு அந்த இடைவெளிக்குள் நடந்திருக்கும். அந்த மாதங்களுக்கான டெண்டர் அறிவிப்பையும் நாளிதழையும் தேடினால் போதும். 2000-க்கு முன் போனால் படம் மங்கும். அங்கே பெரும்பாலும் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படம். அதன் ஒரு புள்ளி 30 மீட்டர். ஒரு பிளாக் முழுக்க ஓரிரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

அதைவிடப் பழையது வேண்டுமானால் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. 1960 முதல் 1972 வரை எடுத்தவை. 1995-இல் ரகசியம் நீக்கப்பட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் கணக்குத் தொடங்கி, பெங்களூரின் மேல் கட்டம் போட்டு, ரகசியம் நீக்கப்பட்ட படங்கள் என்ற பிரிவில் தேடுங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம். கடைசிக் காலக் கேமராக்களின் படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கூடப் பிடிபடும்; அதனால் கட்டடத்தின் சிறகுகளும் நடுமுற்றமும் தெளிவாகத் தெரியும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடம் இதற்கு உதவாது. அதில் 60 மீட்டர் நீளக் கட்டடம் 1.2 மில்லிமீட்டர்தான்.

உயரத்தைக் கணக்குப் போட முடியுமா?

ஓரளவு முடியும். செங்கல் வெளியே தெரியும் புகைப்படம் இருந்தால் வரிகளை எண்ணுங்கள். 9 அங்குலம், 4½ அங்குலம், 3 அங்குலம் என்ற வழக்கமான அளவில் கலவையோடு சேர்த்து 4 வரி ஓர் அடி. 48 வரி என்றால் 12 அடி. பிற்கால மாடுலர் செங்கல்லில் கலவையோடு ஒரு வரி 10 சென்டிமீட்டர். பழைய நாட்டுச் செங்கல் இரண்டையும்விட மெல்லியது. எனவே ஒரு செங்கல்லாவது கையில் இருந்தால்தான் கணக்கு நிற்கும்.

செயற்கைக்கோள் படத்தில் நிழலை வைத்துப் பார்க்கலாம். இன்றும் நிற்கும் 12 மீட்டர் கட்டடத்தின் நிழல் 8 மீட்டர், இல்லாத கட்டடத்தின் நிழல் 6 மீட்டர் என்றால் அதன் உயரம் 9 மீட்டர். இரண்டும் ஒரே படத்தில், ஒரே மட்டமான தரையில் இருக்க வேண்டும். பெங்களூரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நண்பகலில் உச்சிக்கு வந்துவிடும். அந்த நாள்களின் நண்பகல் படத்தில் நிழலே இருக்காது. டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேர்ந்தெடுங்கள்.

இடிபாட்டிலிருந்து கொஞ்சம் கல்லும் ஓடும் எடுத்து வெச்சிருக்கோம். அதை வெச்சு வயசு சொல்லலாமா?

கீழ் எல்லையைச் சொல்லலாம், துல்லியமான வயதைச் சொல்ல முடியாது. மங்களூர் ஓட்டின் அடியில் சூளையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. இரும்பு உத்தரத்தில் டாட்டா முத்திரை இருந்தால் 1912-க்குப் பிறகு. டார்மன் லாங் என்று இருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்த சரக்கு. ஓடும் உத்தரமும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பொருள்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கூரையை நினைவு வைத்திருப்பவர்களிடம் மெட்ராஸ் டெரஸா என்று கேளுங்கள். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைத்து, மேலே சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாகக் குத்தி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துவது. கீழே நின்று பார்த்தால் கட்டைகளுக்கு நடுவே செங்கல் வரிகள் குறுக்குச் சாய்வாக ஓடும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் கான்கிரீட் லிண்டல் (சன்னலின் மேல் சுவரைத் தாங்கும் கட்டை) இருந்தால் அங்கே சன்னலைப் பிற்காலத்தில் திறந்திருக்கலாம். வினிகர் ஊற்றி நுரை வந்தால் சுண்ணாம்பு என்று ஒரு யோசனை உலவுகிறது. சிமென்ட் கலவையும் நுரைக்கும், அதனால் பயனில்லை. நகத்தாலோ கத்தியாலோ கீறினால் உதிர்கிறதா என்று பார்ப்பது மேல். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு இருந்தால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

கல்வெட்டுப் பலகை மங்கிப்போச்சு. படிக்க வழி இருக்கா?

தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் மட்டும் போதும். ஆசிட், கம்பி பிரஷ் கூடாது. இருட்டிய பிறகு டார்ச்சைப் பலகையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் தெரியாத எழுத்து இன்னொன்றில் எழும்பும்.

பெரியவங்ககிட்ட பேட்டி எடுக்கும்போது என்ன கவனிக்கணும்?

புகைப்படத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். காட்டியதும் நினைவு படத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெற்றுத் தாளைக் கொடுத்து, கேட்டிலிருந்து வகுப்பு வரை நடந்த வழியை வரையச் சொல்லுங்கள். எந்த வருஷம் என்று கேட்பதைவிட ‘நீங்க சேரும்போது அந்த மாடி இருந்ததா?’ என்று கேட்டால் உறுதியான பதில் வரும். சேர்ந்த ஆண்டை மார்க் ஷீட் சொல்லிவிடும்.

பேராசிரியர்களோடு நிறுத்திவிடாதீர்கள். பெங்களூரின் கட்டட வேலையில் தர்மபுரி, சேலம், வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், லேப் அட்டெண்டர், வாட்ச்மேன் ஆகியோருக்குத்தான் எந்தச் சுவர் ஒழுகியது, எந்த அறையை எப்போது தடுத்தார்கள் என்பது தெரியும். அவர்களிடம் தமிழிலேயே பேச முடிவது உங்களுக்குள்ள பெரிய வசதி. வேறு ஆய்வாளர்கள் பலருக்கு அது கிடையாது. பதிவு செய்ய அனுமதி கேட்டு, அந்த அனுமதியையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வையுங்கள்.

வடிவமைச்ச ஆர்க்கிடெக்ட் உயிரோட இருந்தா இடிக்கிறதைத் தடுத்திருக்க முடியுமா?

சட்டப்படி கஷ்டம். டெல்லி பிரகதி மைதானத்தில் 1972-இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் இதற்குத் தெளிவான உதாரணம். வடிவமைப்பு ராஜ் ரேவல், கட்டமைப்புப் பொறியியல் மகேந்திர ராஜ். 60 ஆண்டு ஆகவில்லை என்பதால் டெல்லியின் பாரம்பரியக் குழுவிடம் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 2017 ஏப்ரலில் இடித்துவிட்டார்கள். படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தரும் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 57-ஆம் பிரிவைக் காட்டி ராஜ் ரேவல் தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் தள்ளுபடி செய்தது. கட்டடத்தைச் சிதைத்து மாற்றுவது வேறு, உரிமையாளர் முழுவதுமாக இடிப்பது வேறு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே பிரிவின் கீழ் சிற்பி அமர்நாத் சேகல் 2005-இல் வென்றார். விஞ்ஞான் பவனில் இருந்து பெயர்க்கப்பட்ட அவருடைய சுவர்ச் சிற்பத்தின் எச்சங்களும் 5 லட்ச ரூபாய் இழப்பீடும் கிடைத்தன. சிற்பத்துக்குக் கிடைத்தது கட்டடத்துக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கட்டடத்தில் சுவரோவியமோ புடைப்புச் சிற்பமோ இருந்திருந்தால் அதைத் தனியாக ஆவணப்படுத்துங்கள்.

கிடைச்ச பழைய படம், பிளான் எல்லாத்தையும் வெளியிடலாமா?

இந்தியாவில் புகைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கட்டடத்தை நீங்களே எடுத்த படத்தை வெளியிட ஆர்க்கிடெக்டின் அனுமதி தேவையில்லை. ஆனால் அவர் வரைந்த பிளான் அவருடைய ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 ஆண்டும் பாதுகாக்கப்பட்டது. அனுமதி கேட்டுத்தான் போட வேண்டும். ஆல்பத்திலிருந்து கிடைத்த குடும்பப் படங்களுக்கு, சட்டம் என்ன சொன்னாலும் அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

விக்கிப்பீடியாவில் போட்டா நீக்கிடறாங்களே?

அங்கே வெளியான ஆதாரம் வேண்டும். உங்கள் பேட்டியும் ஆர்.டி.ஐ. பதிலும் அவர்கள் கணக்கில் சொந்த ஆய்வு. முதலில் ஒரு இதழிலோ மலரிலோ கட்டுரையாக வெளியிடுங்கள். மூலக் காகிதங்களை 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, கோப்பு எண்ணையும் எடுத்த இடத்தையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கும் இன்னொன்றை ஊருக்கு வெளியே ஒரு நூலகத்துக்கும் கொடுங்கள். கல்லூரி நூலகத்துக்குக் கொடுக்கும்போது நூல் சேர்க்கைப் பதிவேட்டில் எண் வாங்கிக்கொள்ளுங்கள். எண் இல்லாத பொட்டலம் அடுத்த நூலகர் வந்ததும் பழைய பேப்பரோடு போய்விடும்.